கருவுற்ற தாய்க்கு இன்னும் ஓர் ஊசி: பொது சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு பொது சுகாதாரம் மற்றும் நோய்த் தடுப்பு மருந்துத் துறை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். கிராம சுகாதார செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். பச்சைக் குழந்தைகளின் மூச்சுக்குழல்களைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. என்னும் வைரஸ் குறித்தும், அதற்கெனக் கருவுற்ற பெண்களுக்குப் போடப்படும் தடுப்பூசி குறித்தும் தங்களிடம் சில வேண்டுகோள்களை வைக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

மழை பிடித்த சில வாரங்களில், இரண்டு மூன்று மாதப் பிள்ளைகளைத் துணியில் சுற்றிக்கொண்டு தாய்மார் துணை சுகாதார நிலையத்துக்கு வருவதை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். முதலில் மூக்கு ஒழுகும், பிறகு இருமல் வரும். அடுத்த ஓரிரு நாளில் பிள்ளை பால் குடிக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்; மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழும். வீட்டார் "நெஞ்சில் சளி கட்டிவிட்டது" என்பார்கள். நாங்கள் பதிவேட்டில் நிமோனியா என்றோ சுவாசத் தொற்று என்றோ எழுதி மேல்சிகிச்சைக்கு அனுப்புவோம். அவர்களில் எத்தனை பேருக்கு ஆர்.எஸ்.வி. இருந்தது என்பது எங்கள் பதிவேடுகளில் இல்லை.

பெரியவர்களுக்கு வெறும் ஜலதோஷமாக வந்துபோகும் இக்கிருமி, பச்சைப் பிள்ளையின் நுண்ணிய மூச்சுக்குழல்களை வீங்கவைத்துச் சளியால் அடைத்துவிடுகிறது. 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 36 லட்சம் பேர் இதனால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர் என்றும், ஒரு லட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர் இறந்தனர் என்றும், அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ஆறு மாதம் நிறையாதவர்கள் என்றும் ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். இறப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு நம்மைப் போன்ற நடுத்தர, குறைந்த வருவாய் நாடுகளில் நிகழ்ந்தவை. இதற்கு ஆன்டிபயாட்டிக் பயன்படாது. ஆக்சிஜன் கொடுத்து, நீர்ச்சத்துக் குறையாமல் பார்த்துக்கொள்வதே சிகிச்சை. ஆயினும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சிரப் புட்டியோடுதான் பலர் எங்களிடம் வருவார்கள்.

தடுப்பூசி ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய துயரத்தைச் சொல்ல வேண்டும். 1960களில் அமெரிக்காவில் சோதிக்கப்பட்ட முதல் தடுப்பூசி, காப்பதற்கு மாறாக நோயைக் கடுமையாக்கியது. ஊசி போட்டுக்கொண்ட இரு குழந்தைகள் இறந்தனர். வைரஸ் செல்லுக்குள் நுழையுமுன் அதன் மேற்புரதம் கொண்டிருக்கும் வடிவத்தை 2013இல் விஞ்ஞானிகள் துல்லியமாகக் கண்ட பிறகே பாதை திறந்தது. பத்தாண்டுகளில், 2023இல், கருவுற்ற பெண்களுக்கான தடுப்பூசிக்கு அமெரிக்கா அனுமதி அளித்தது. தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்பாற்றல் நஞ்சுக்கொடி வழியே சிசுவுக்குச் செல்கிறது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வில், பிறந்து மூன்று மாதம் வரை கடும் நோயை இது 82 விழுக்காடு அளவுக்குத் தடுத்தது. இங்கிலாந்தில் 2024 செப்டம்பர் முதல் 28 வாரம் நிறைந்த கர்ப்பிணிகளுக்கு இது தரப்படுகிறது. அர்ஜென்டினாவும் 2024இல் தன் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இதைச் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனம் 2025இல், இதையோ சிசுவுக்கே நேரடியாகச் செலுத்தும் எதிர்ப்புப்புரத ஊசியையோ எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்தது.

ஐயங்களை மறைத்துப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. மற்றொரு நிறுவனத்தின் இதேவகைத் தடுப்பூசி ஆய்வு, குறைமாதப் பிறப்புகள் கூடியதால் 2022இல் நிறுத்தப்பட்டது. அமெரிக்கா 32 முதல் 36 வாரத்துக்குள் மட்டுமே போட வேண்டும் என்று வரையறுத்ததற்கும் அந்த எச்சரிக்கையே காரணம். கர்ப்பிணிக்கு இதைச் சொல்லிவிட்டுத்தான் ஊசியை எடுக்க வேண்டும்.

தாய்க்குப் போடும் ஊசி பிள்ளையைக் காக்கும் என்பது நம் ஊர்ப் பெண்களுக்குப் புதிய செய்தியன்று. ரணஜன்னி ஊசி அதைத்தான் செய்தது. பிறந்த குழந்தைகளைக் கொன்ற அந்நோய் ஒழிந்த நாடுகளின் வரிசையில் 2015இல் இந்தியா சேர்ந்தது. அதே கையில், அதே கர்ப்பகாலப் பரிசோதனை நாளில் இதையும் போடலாம். தடையாக இருப்பது விலையும், நம்மிடம் கணக்கு இல்லாமையும். ஆகவே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மூச்சுத்திணறலோடு சேர்க்கப்படும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஆர்.எஸ்.வி. பரிசோதனை செய்து, மாதவாரியாக, மாவட்டவாரியாக வெளியிடுமாறு முதலில் வேண்டுகிறேன். வட இந்தியாவில் குளிர்காலத்தில் பரவும் கிருமி இங்கே மழையோடு வருகிறது என்றால், ஊசி போடும் மாதங்களையும் நாமே வகுத்தாக வேண்டும். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு மத்திய அரசிடம் தடுப்பூசியைக் கேட்கலாம். குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் குழந்தைகளுக்கு, நேரடியாகச் செலுத்தும் நிர்செவிமாப் எதிர்ப்புப்புரத ஊசியையும் சேர்த்துக் கேட்கலாம்.

அதுவரை செலவில்லாத ஒன்றைச் செய்யலாம். வெளியிலிருந்து வருபவர் கைகால் கழுவாமல் பிள்ளையைத் தூக்கக் கூடாது என்று பாட்டிமார் விதித்திருந்தார்கள். காரணம் எதைச் சொன்னார்களோ, இந்தக் கிருமிக்கு அது சரியான விதி. கட்டில் சட்டத்திலும் கிலுகிலுப்பையிலும் இது மணிக்கணக்கில் உயிரோடிருக்கும். குழந்தை பார்க்க வரும் சளிபிடித்த உறவினரையும், பள்ளிக்கூடத்திலிருந்து மூக்கொழுக வரும் அக்காவையும் சில நாள் முத்தமிடாமல் தள்ளியிருக்கச் சொல்லுமாறு செவிலியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புங்கள். தாய்-சேய் நல அட்டையை அடுத்தமுறை அச்சிடும்போது, ரணஜன்னி ஊசிக்கான வரிக்குக் கீழே இன்னொரு வரிக்கு இடம் விடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர்