அம்மை வார்த்ததற்குச் சான்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சென்ற ஆண்டு லண்டனில் இருக்கும் மகன் வீட்டுக்குப் புறப்பட்டபோது, அங்கே ஒரு வார்டை ஒரு நாளாவது பார்க்க ஆசைப்பட்டேன். வேலை தேடி அல்ல, பார்க்க மட்டும்.

கோவையில் ஓர் ஏஜென்ட் அனுமதிக் கடிதம் வாங்கித் தருவதாக 15,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். வந்த கடிதத்தில் எந்தப் பிரிவு, யாரைப் பார்ப்பது என்று ஒரு வரியும் இல்லை. மருமகள் அந்த மருத்துவமனைக்கே எழுதிக் கேட்டாள். அப்படியொரு கடிதம் தாங்கள் கொடுக்கவில்லை என்று பதில் வந்தது.

பிறகு இன்னொரு மருத்துவமனையின் செவிலியர் கல்விப் பிரிவுக்கு நாங்களே எழுதினோம். என் பதிவு எண், பணியாற்றிய வார்டுகள், வரக்கூடிய தேதிகள், படுக்கையில் கிடக்கும் முதியவர்களை எப்படிப் பராமரிக்கிறார்கள் என்று பார்க்க விரும்புவது, எல்லாமே அரைப் பக்கம்தான். மூன்று வாரத்தில் சம்மதித்தார்கள். காசு கேட்கவில்லை. பிரிட்டனில் விசிட்டர் விசாவிலேயே செவிலியர் இப்படிப் பார்வையாளராக இருக்கலாம். சம்பளம் வாங்கக் கூடாது, நோயாளிக்குச் சிகிச்சை அளிக்கக் கூடாது.

திணறியது அந்த மருத்துவமனை கேட்ட தடுப்பூசி, நோய்த்தடுப்புச் சான்றுகளில்தான். காசநோய் வார்டில் வேலை பார்த்தவளிடம் மார்பு எக்ஸ்ரே கேட்டது நியாயம். ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் தொற்று) ஊசி பணியில் இருந்தபோதே போட்டார்கள், ஆனால் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. சின்னம்மை எனக்கு ஏழு வயதில் வார்த்தது. பண்ணாரி அம்மனுக்கு வேண்டிக்கொண்டு, வேப்பிலையில் படுக்க வைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அதற்குச் சான்று யாரிடம் வாங்குவது? கடைசியில் கோபியில் ஒரு லேபில் இரத்தம் கொடுத்தேன். ஹெபடைடிஸ் பி எதிர்ப்புச் சக்தி எனக்கு நன்றாகவே இருந்தது. அம்மையும் வந்துபோனதாக லேப் ஒப்புக்கொண்டது!

லண்டனில் பார்த்த வார்டில் என் கண் நின்ற இடம் ஒரு சிவப்புத் தட்டு. தானாகச் சாப்பிட முடியாதவருக்குச் சிவப்புத் தட்டில் சாப்பாடு வருகிறது. அதைப் பார்த்ததும் ஒருவர் போய் ஊட்டிவிடுகிறார். நம் ஊரில் அந்த வேலையைக் கூட இருக்கும் சொந்தக்காரர் செய்துவிடுவார். கூட ஆளில்லாத பாட்டிகள் தட்டை அப்படியே மூடி வைத்திருந்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நூறு ரூபாய்கூட ஆகாத தட்டு அது.

வேலைக்குப் போகிறவர்களுக்கு மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. பார்த்துவிட்டுத் திரும்பி வர நினைப்பவர்களுக்கு நர்சிங் கவுன்சில் ஒரு மாதிரிக் கடிதத்தையும், தயாராக வைத்திருக்க வேண்டிய சான்றுகளின் பட்டியலையும் வெளியிட்டால் ஏஜென்டிடம் ஏமாற வேண்டியதில்லை. அதைவிட அவசரமானது ஒன்று: பணியில் இருப்பவர்களுக்குப் போடும் ஒவ்வொரு ஊசியையும் தேதியோடு பணிப்பதிவேட்டில் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர்,
கோபிசெட்டிபாளையம்.