பஸ் நிலையத்துச் சுவர் தொடர்பாக எங்கள் நகர சபைக்கு ஒரு திறந்த மடல்

கௌரவ தலைவர் அவர்களுக்கும் சபை உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பஸ் நிலையத்துக்குப் பின்னாலுள்ள மண்தடுப்புச் சுவரை அழகுபடுத்துவதற்குச் சபை விலைமனு கோரியிருப்பதையும், கொழுந்து பறிக்கும் பெண்ணொருவரின் புகைப்படத்தை அச்சிட்டுச் சுவர் நெடுகிலும் பொருத்துவதே திட்டம் என்பதையும் அறிவித்தல் பலகையில் வாசித்தேன். அந்தச் சுவர் அழகுபட வேண்டும் என்பதில் எனக்கு மறுகருத்து இல்லை. ஆனால் அதை அச்சுப் படத்தால் மூடாமல், இந்த நகரிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வாழும் ஓவியர்களைக் கொண்டு, உரிய கூலி கொடுத்து, வரையச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

பிரதான வீதியில் தூரிகையால் எழுதப்பட்டு இன்னும் எஞ்சியிருக்கும் பெயர்ப்பலகைகளில் பல என் கையால் எழுதியவை. சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றையும் ஒரே பலகைக்குள் அடக்கி, எந்த மொழிக்காரரும் தன்னுடையது சிறுத்துவிட்டது என்று குறைசொல்லாதபடி அளவு பிரிப்பதுதான் அந்தத் தொழிலின் பெரும்பகுதி. அதற்கு அப்பால், மாசி மாதத்தில் காமன் கூத்துக்கு ரதிக்கும் மதனுக்கும் முகம் எழுதுவது, மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு முன் வாசல் காவல் தெய்வங்களுக்கு வர்ணம் புதுப்பிப்பது, மே தினத்துக்குச் சங்கங்களின் பதாகைகளை எழுதுவது (ஒன்றோடொன்று பேசாத சங்கங்களின் பதாகைகளும் என் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில்தான் காயும்), பாடசாலை நாடகத்துக்குத் திரைச்சீலை வரைவது என்று ஆண்டு ஓடிவிடும். டிஜிட்டல் அச்சு வந்த பிறகு பலகை வேலை மிகவும் குறைந்துவிட்டது. அதற்காக நான் அச்சு இயந்திரத்தின் மீது கோபப்படவில்லை. மறுநாள் காலையில் கடை திறக்க வேண்டியவர் அங்கே போவதுதான் நியாயம். பல ஆண்டுகள் ஊரார் கண்முன் நிற்கப்போகும் சுவரின் கதை வேறு.

சுவரில் வரையும்போது நடப்பதைச் சபையினர் கிட்ட இருந்து பார்த்திருக்க வாய்ப்பில்லை என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தோட்டமொன்றில், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பராமரிக்கும் பிள்ளைக் காம்பராவின் சுவரில் கொழுந்து மலையொன்றை வரைந்துகொண்டிருந்தேன். கரிக்கோடு மட்டுமே போட்டிருந்த நேரத்தில், பறித்த கொழுந்தின் அந்தி நிறுவை முடிந்து வந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். இடுப்பில் கட்டும் படங்கு எதுவரை இறங்க வேண்டும், தலையில் கயிறு எங்கே பதிய வேண்டும், கொழுந்து பறிக்கும் மட்டத்தைக் காட்டும் மட்டக்கம்பு செடியின் மேல் எப்படிக் கிடக்க வேண்டும் என்று ஆளுக்கொரு பக்கமாகச் சொன்னார்கள். ஒரு வயதான அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, அந்தப் புள்ளைக்குக் காலுல சவுக்காரத்தப் பூசி விடு, அட்டை ஏறிறப் போகுது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் முதல் அவர்கள் அந்தச் சுவரைப் பார்க்காமல் கடந்து போனதில்லை. ஒருவர் தன் சேலையின் பச்சையைக் காட்டி அதே பச்சையைக் கேட்டார். மஞ்சளையும் நீலத்தையும் கலந்து, அவர் தலையசைக்கும் வரை திருத்தித் திருத்திக் கொடுத்தேன். அச்சிட்டு வந்து ஆணியடிக்கும் படத்தில் இப்படி எவரும் கை வைக்க முடியாது.

அச்சுப் படத்தில் வரப்போகும் பெண்ணை நாம் எல்லோரும் அறிவோம். புதுச்சேலையும் நகையும் அணிந்து, கூடையில் நாலு இலையோடு, கமராவைப் பார்த்துச் சிரிப்பார். பல தோட்டங்களில் கூடை போய்ப் பை வந்து நெடுங்காலமாகிவிட்டது. சுற்றுலா விளம்பரத்துக்கு அந்தப் படம் போதுமானதாக இருக்கலாம். ஆனால் எங்கள் பஸ் நிலையத்தில் விடியற்காலையில் நிற்பவர்கள், கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குத் திரும்பும் இளைஞர்களும், ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பெண்களும், வகுப்புக்குப் போகும் பிள்ளைகளும், வெளிநாடு போகும் தாயை வழியனுப்ப வந்த குடும்பங்களுமே. மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்த 200 ஆண்டு நிறைவை 2023 இல் நினைவுகூர்ந்த ஊர் இது. அந்த மக்கள் தங்கள் முகத்தை அடையாளம் காணக்கூடிய ஒரு பொதுச்சுவராவது இங்கே இருக்க வேண்டாமா? கண்டிக்கு அருகில் தெகல்தொறுவ விகாரையில் 18 ஆம் நூற்றாண்டில் புத்தரின் முற்பிறவிக் கதைகளில் ஒன்றான வெஸ்ஸந்தர ஜாதகத்தை வரைந்தவர்கள், கதை பழைய இந்தியாவில் நடந்தாலும், மாந்தருக்குத் தம் காலத்துக் கண்டியின் உடையையே உடுத்தினார்கள். அதனால்தான் அக்காலத்து மலைநாட்டு மனிதர் எப்படி உடுத்தினார்கள் என்பதை இன்று நாம் அந்தச் சுவரில் பார்க்கிறோம்.

கைவேலை நிலைக்காது, மழையில் உரிந்துவிடும் என்று உறுப்பினர் ஒருவர் கூறியதாகக் கேள்விப்பட்டேன். 2019 இன் இறுதியில் நாடெங்கும் இளைஞர்கள் சுவரோவியம் வரைந்தபோது எங்கள் ஊரிலும் வரைந்தார்கள். அவற்றில் பல விரைவிலேயே உரிந்ததும் உண்மைதான். அவர்களின் ஆர்வத்தில் குறையில்லை. பாசியைச் சுரண்டாத ஈரச்சுவரில் எனாமல் பூசப்பட்டதே காரணம். மண்தடுப்புச் சுவருக்குப் பின்பக்கத்திலிருந்து ஈரம் வந்துகொண்டே இருக்கும். எனாமலின் படலம் அந்த ஈரத்தை வெளியே விடாது என்பதால் கொப்புளித்து உரியும். ஆகவே முதலில் அடைபட்டுக் கிடக்கும் நீர் வடியும் துளைகளைத் துப்புரவாக்க வேண்டும். பாசியையும் பூத்த உப்பையும் தேய்த்தெடுத்து, பூச்சு உடைந்த இடங்களைச் சீமெந்தால் திருத்தி, குறைந்தது 4 வாரங்கள் காயவிட வேண்டும். அதன் பிறகு, ஈரம் மூச்சுவிடக்கூடிய வெளிச்சுவர் எமல்ஷனால் வரைய வேண்டும். மலைநாட்டின் மேற்குச் சரிவிலிருக்கும் நமக்குத் தென்மேல் பருவமழை மே மாதத்தில் தொடங்கிவிடும் என்பதால் ஜனவரி முதல் மார்ச் வரையான காலமே இதற்கு உகந்தது. துளைகள் அடைபட்டபடி இருக்க, மேலே அச்சுப் பெனரை விரித்து மூடினால், சுவரின் ஈரம் கூடுவதும் கண்ணுக்குத் தெரியாது, விரிசல் விழுவதும் தெரியாது. சரிவில் வீடு கட்டி வாழும் நமக்கு அது சிறிய விடயமல்ல.

விலைமனு நிபந்தனைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதிவுசெய்யப்பட்ட நிறுவனமாக இருக்க வேண்டும், இதே அளவு வேலையை முன்னர் செய்ததற்குச் சான்று வேண்டும் என்ற இரண்டு வரிகளால் உள்ளூர் ஓவியர் ஒவ்வொருவரும் விலக்கப்படுகிறார். நேரில் கேட்டபோது, விரும்பினால் பக்கத்துச் சிறுசுவரைச் சிரமதானமாக, அதாவது கூலியில்லாமல், வரைந்து தரலாம் என்று எனக்குச் சொல்லப்பட்டது. கோயிலுக்கும் பாடசாலைக்கும் கூலி வாங்காமல் வரைந்திருக்கிறோம், இனியும் வரைவோம். ஆனால் வெளியூர் நிறுவனத்துக்குப் பணமும் உள்ளூர்க்காரருக்குச் சிரமதானமும் என்ற கணக்கை ஏற்க முடியாது. ஓவியக் கலையைப் பட்டப்படிப்பாகவே கற்றுவிட்டு, வேலையில்லாமல் தோட்டத்துக்குத் திரும்பியிருக்கும் பிள்ளைகளும் இப்போது நம்மிடையே இருக்கிறார்கள். தேயிலைச் சாயத்தையே வர்ணமாக்கி வரையும் மலையக ஓவியர்களின் படைப்புகள் கொழும்புக் காட்சிக்கூடங்களில் தொங்கும் காலத்தில், சொந்த ஊர்ச் சுவருக்கு அவர்களுக்குத் தகுதியில்லை என்பது விசித்திரமாக இருக்கிறது.

எனவே தற்போதைய விலைமனுவை இடைநிறுத்தி, தனிநபர் ஓவியர்களும் குழுவாக விண்ணப்பிக்கும் விதத்தில் நிபந்தனைகளைத் திருத்துமாறு வேண்டுகிறேன். தெரிவாகும் மாதிரிப் படங்களைப் பொது நூலகத்தில் 2 வாரங்கள் வைத்து, தோட்டத்தவர், கடைக்காரர், சாரதிகள், மாணவர் என்று மூவின மக்களும் கருத்தெழுத வாய்ப்பளித்த பின்னரே வேலை தொடங்கட்டும். பிறரின் படம் தெரிவானாலும் எனக்கு வருத்தமில்லை. சாரம் கட்டவும் வர்ணம் கலக்கவும் கூலிக்கு வருவேன். அடுத்த மாதாந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இதைச் சேர்த்து, சபையின் முடிவைத் தமிழில் எழுத்துமூலம் அறியத்தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
பஸ் நிலைய வீதியின் பெயர்ப்பலகை ஓவியர்