முதன்முறையாகக் கரடி வேட்டைக்கு வரும் வாடிக்கையாளர்களுக்கு

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வரும் மே மாதம் வட ஒன்ராறியோவிலுள்ள எங்கள் முகாமில், இரை வைத்துக் கருங்கரடி வேட்டையாட இடம் பதிந்திருப்பவர்களுள் பலர் இதற்கு முன் கரடியைக் குறிவைத்தவர்கள் அல்லர். ரொறன்ரோவிலிருந்து வரும் நம்மவர்களில் சிலர் மான் வேட்டையில் இரண்டு மூன்று பருவங்கள் கண்டவர்கள். ஆயினும் எல்லோரும் எங்களிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: எந்த ரைபிளை வாங்குவது? மானுக்குப் பயன்படுத்திய .308 அல்லது .30-06 அளவுத் தோட்டாவுக்கான ரைபிள் உங்களிடம் இருந்தால் வேறொன்றும் வாங்க வேண்டாம் என்பதே எங்கள் பதில். பழைய .30-30 கூடப் போதும். எங்கள் பரண்களிலிருந்து இரை வைத்த பீப்பா 50 முதல் 80 மீற்றர் தூரத்துக்குள்தான் இருக்கிறது. அந்தத் தூரத்தில் கரடியை வீழ்த்துவது தோட்டா படும் இடமே அன்றித் துவக்கின் பருமன் அன்று. பெருந்துவக்கை வாங்கி, அதன் உதைப்புக்கு அஞ்சிக் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுத்தவர்களை நாங்கள் நிறையவே பார்த்திருக்கிறோம்.

செலவு செய்ய விரும்பினால் தோட்டாவிலும் ஸ்கோப் எனும் குறிநோக்கியிலும் செய்யுங்கள். .308 ரைபிளுக்கு 150 முதல் 180 கிரெயின் வரை (ஏறக்குறைய 10 முதல் 12 கிராம்) எடையுள்ள, உடலுக்குள் விரிந்தும் சிதறாமல் ஆழமாகச் செல்லும் வகைத் தோட்டா நல்லது. ஸ்கோப்பை அதன் மிகக் குறைந்த பெருக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கரிய மயிரின் மேல் கரிய குறுக்குக்கோடு மாலை மங்கலில் தெரியாது. ஆகவே நடுவில் ஒளிரும் புள்ளியுள்ள ஸ்கோப் இந்த வேட்டைக்கு உண்மையாகவே உதவும்.

பரணில் ஏறுமுன் 50 மீற்றரில், மேசையில் சாய்த்து அல்லாமல் கதிரையில் உட்கார்ந்தபடி, ஐந்து வெடிகளையும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் வைத்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். இதைச் சிலர் அவமதிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். காயம்பட்ட கரடியைப் புதர்க்காட்டுக்குள் தேடிப் போகிறவர்கள் நாங்கள்தான் என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும்.

கரடியின் உடலமைப்பு மானைப் போன்றதன்று. நீண்ட வயிற்று மயிர் உடலின் கீழ்க்கோட்டை மறைத்துவிடுவதால், கண்ணுக்கு நடுவாகத் தோன்றும் இடம் உண்மையில் சற்றுத் தாழ்ந்தே இருக்கும். கரடி பக்கவாட்டாகவோ சற்று அப்பால் திரும்பியோ நின்று, உங்கள் பக்கத்து முன்னங்காலை முன்னே நீட்டும்வரை பொறுத்திருந்து, தோளுக்கு ஒட்டிப் பின்னால், உண்மையான உடலின் நடு உயரத்தில் குறிவையுங்கள். தலைக்கும், நேராக எதிர்கொண்டு நிற்கும் நெஞ்சுக்கும் வெடி வைக்க வேண்டாம். கொழுப்பும் மயிரும் காயத்தை அடைத்துவிடுவதால் தரையில் குருதி குறைவாகவே சிந்தும். கரடி எந்த மரத்தருகே மறைந்தது, எப்போது ஓசை நின்றது என்பவற்றை மனத்தில் குறித்துக்கொண்டு, பரணைவிட்டு இறங்காமல் எங்களை அழையுங்கள்.

இந்த மடலை எழுதத் தூண்டியது உண்மையில் துவக்கு அன்று, பொறுமை. ஒன்ராறியோவில் 1999ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட வசந்தகாலக் கரடி வேட்டை, 2014இல் சில பகுதிகளில் சோதனையாகத் திரும்பிவந்து, 2021இல்தான் நிலையான பருவமாயிற்று. அன்று அது நிறுத்தப்பட்டதற்குத் தாயை இழக்கும் குட்டிகளைப் பற்றிய கவலையே பெருங்காரணம். இன்றும் மே 1 முதல் ஜூன் 15 வரையான இப்பருவத்தில் குட்டியையோ குட்டியுடன் வரும் பெண் கரடியையோ கொல்வது குற்றம். 25,000 டொலர் வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். தாய் முன்னே வர, குட்டிகள் பின்னே மரத்தில் ஏறிக் காத்திருக்கும். ஆகவே கரடி இரைக்கு வந்தபின் குறைந்தது பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது எங்கள் முகாமின் கட்டளை. அந்தப் பத்து நிமிடத்தில் அதன் அளவையும் கணித்துக்கொள்ளலாம். இரைக்கென நிமிர்த்தி வைத்த 45 கலன் பீப்பாவின் உயரம் ஏறக்குறைய 88 சென்ரிமீற்றர். நான்கு காலில் நிற்கும் கரடியின் முதுகு அதன் பாதியைக்கூட எட்டாவிட்டால் விட்டுவிடுங்கள். காதுகள் தலைக்குப் பெரியனவாக, நெருங்கி நிமிர்ந்து தோன்றினால் அது இளங்கரடி. தலையின் இரு ஓரங்களிலும் ஒதுங்கிச் சிறுத்துத் தோன்றினால் முதிர்ந்தது.

மே கடைசியில் வடக்கே சூரியன் மறைய இரவு 9 மணியாகும். பெரும்பாலான கரடிகள் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் வரும். அதுவரை நான்கைந்து மணி நேரம் அசையாமல் இருக்க வேண்டும். கருஈயும் நுளம்பும் உங்களை விடப்போவதில்லை. முகவலையும் மெல்லிய கையுறையும் இல்லாமல் வருபவர் மறுநாள் வீங்கிய முகத்துடன்தான் காலையுணவுக்கு வருவார். சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குள் தோட்டாக்களை வெளியே எடுத்து ரைபிளை உறையிலிட வேண்டும். பரணுக்கு வெளியே நடக்கும்போது செம்மஞ்சள் மேற்சட்டையும் தொப்பியும் கட்டாயம். துவக்கை வெறுமையாக்கிக் கயிற்றால் மேலேற்றி, விழாமல் காக்கும் பாதுகாப்பு வாரைப் பூட்டியபின்பே தோட்டா இடுங்கள்.

இரையாக நாங்கள் ஓட்ஸ், பழைய பாண், பொரித்த எண்ணெய் ஆகியவற்றையே வைக்கிறோம். சொக்லேற் வைப்பதில்லை, அதிலுள்ள தியோபுரோமின் கரடிக்கு நஞ்சு. 2014இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஓர் இரைத்தளத்தில் அவ்வாறே நான்கு கரடிகள் இறந்தன.

இறைச்சியைக் காட்டில் விட்டு வருவதைச் சட்டம் அனுமதிப்பதில்லை, நாங்களும் அனுமதிப்பதில்லை. தடித்த கொழுப்பு உடற்சூட்டை உள்ளேயே வைத்திருப்பதால் அன்றிரவே தோலுரித்துக் குளிர்விப்போம். ஐஸ் பெட்டிகளை நீங்கள் கொண்டுவர வேண்டும். கரடியிலிருந்து எடுத்த பித்தப்பையை வைத்திருப்பது சட்டவிரோதம் என்பதால், மருந்துக்கென்று யாரேனும் சொல்லி அனுப்பியிருந்தால் மறுத்துவிடுங்கள். கரடி இறைச்சியில் டிரிக்கினெல்லா என்னும் புழு இருக்கக்கூடும். உறையவைத்தால் அது சாகும் என்று நம்ப முடியாது. 2022இல் சஸ்காச்சுவான் கரடியின் இறைச்சியை 45 நாள் உறையவைத்து, பின் கம்பியில் கோத்து அரைவேக்காடாகச் சுட்டு உண்ட ஒரு குடும்பத்தில் ஆறு பேர் நோயுற்றனர். உள்ளே 74 பாகை செல்சியஸ் எட்டும்வரை வேகவிட வேண்டும்; நம் வீட்டுக் கறியைப் போல நெடுநேரம் கொதிக்கும் சமையலில் கவலையில்லை, நெருப்பில் வாட்டுவதில்தான் கவனம் வேண்டும்.

துவக்கு உரிமம், வேட்டைக் கல்விச் சான்றுடன் கூடிய வெளிப்புற அட்டை (Outdoors Card), கரடி அனுமதிச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகளை ஏப்ரல் நடுப்பகுதிக்குள் அனுப்பிவையுங்கள். கரடி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், வேட்டைக்கே போகாவிட்டாலும், பருவம் முடிந்தபின் மாகாண அரசுக்கு அறிக்கை அளிப்பது அனுமதிச்சீட்டு வாங்கிய ஒவ்வொருவரின் கடமை. ரைபிளைச் சரிபார்க்க விரும்புவோர் ஏப்ரல் மாதச் சனிக்கிழமைகளில் எங்கள் கடைக்கு வரலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

இங்ஙனம்,
முகாம் நடத்துநர்கள்