பெயர்த்த சுவருக்கு இரண்டு வாரம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய குளியலறையைப் புதுப்பிக்க வருபவர்கள் "நாலே நாளில் முடித்துத் தருகிறோம்" என்றால் கொஞ்சம் யோசியுங்கள். டைல்ஸ் ஒட்ட நாலு நாள் போதும். பழையதைப் பெயர்த்த சுவரைத் தயார் செய்ய அது போதாது.

உடைக்கும் முன் கெய்சர் மின் இணைப்பை மெயினில் நிறுத்தி, தண்ணீர் வால்வை மூடி, தரைத் துவாரத்தில் சாக்குத்துணி அடைத்துவிடுங்கள். டைல்ஸோடு அதன் முதுகில் இருந்த சிமெண்ட் பாலும் (தண்ணீரில் குழைத்த வெறும் சிமெண்ட்) வந்துவிட வேண்டும். பிறகு சுத்தியலால் சுவர் முழுக்க மெல்லத் தட்டிப் பாருங்கள். 'பொத்' என்று கேட்கும் இடத்தில் பூச்சு செங்கல்லை விட்டுவிட்டது. செங்கல் தெரியும்வரை கொத்துங்கள். பாதிச் சுவர் அப்படி ஒலித்தால் ஒட்டுப்போட வேண்டாம், முழுப் பூச்சையும் உரித்துவிடுவதே லாபம்.

நம் தருமபுரிப் பக்கத்துப் பெரிய தொல்லை உப்பு. போர் தண்ணீர் என்றால் ஃப்ளோரைடைத்தான் பேசுகிறோம். சுவரைக் கெடுப்பது அதில் கரைந்திருக்கும் மற்ற உப்புகள். பெயர்த்த செங்கல்லில் வெள்ளை பூத்திருந்தால் உடனே கழுவாதீர்கள், கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். உலர்ந்த கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கூட்டி அள்ளிவிட்டு, இரண்டு நாள் காயவிடுங்கள். திரும்பப் பூத்தால் எங்கிருந்தோ ஈரம் வருகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மேலே போகக் கூடாது. ஆசிட் ஊற்றும் பழக்கமும் வேண்டாம், அது சிமெண்டையே அரிக்கும். வாயில் வைக்க முடியாத தண்ணீரில் கலவை போடாதீர்கள்.

குழாய்களைச் சுவர் திறந்திருக்கும்போதே மாற்றி, பம்ப் வைத்து அழுத்தச் சோதனை செய்துவிடுங்கள். பூசிய பிறகு ஒழுகினால் யாரைக் கேட்பது?

பூச்சுக்கு ஒரு பங்கு சிமெண்ட், நாலு பங்கு பி-சாண்ட் (பூச்சு வேலைக்கென்று கல்லை அரைத்துச் சலித்த மணல்). இங்கே கல் உடைக்கும் கிரஷர்கள் அதிகம் என்பதால் அங்கே மலிவாகக் கிடைக்கும் டஸ்ட் என்ற கல் தூளைக் கலந்துவிடுகிறார்கள். அதில் மாவு அதிகம். பூச்சு சுருங்கி வெடிக்கும். செங்கல் இடுக்குகளை 10 மி.மீ. சுரண்டி, சுவரை நனைத்து, 12 முதல் 15 மி.மீ. கனத்தில் பூசுங்கள். அதற்கு மேல் கனம் வேண்டுமென்றால் இரண்டு தடவையாக. கான்கிரீட் தூணும் செங்கல்லும் சேரும் இடத்தில் கோழிவலை அடித்தே பூச வேண்டும். மேற்பரப்பு சொரசொரப்பாகவே இருக்கட்டும், மழமழவென்று தேய்த்தால் டைல் பசை பிடிக்காது. பட்டி, ஜிப்சம் இரண்டும் குளியலறைக்கு ஆகாது.

ஏழு நாள் தண்ணீர் விட்டு, அடுத்த நாலைந்து நாள் காயவிடுங்கள். 6 அடி மட்டக்கட்டையை வைத்தால் இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் தெரியக் கூடாது. மேடு பள்ளத்தை இப்போதே சரிசெய்ய வேண்டும், பசையைக் கனமாக அப்பி அல்ல.

அடுத்து சிமெண்ட் வகை வாட்டர்புரூஃப் பூச்சு, இரண்டு கோட். முதலாவது படுக்கையாக, அது உலர்ந்ததும் இரண்டாவது நெடுக்காக. ஷவர் பக்கம் 6 அடி உயரம், மற்றச் சுவர்களில் குறைந்தது ஒரு அடி. சுவரும் தரையும் சேரும் மூலையில் ஃபைபர் வலைப் பட்டையை இரு கோட்டுக்கும் நடுவே பதியுங்கள். இந்த மூலையில்தான் முதலில் வெடிக்கிறது.

விட்ரிஃபைட் டைல்ஸ் (அதிகச் சூட்டில் சுட்டு இறுகிய வகை) தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது. அதனால் வெறும் சிமெண்ட் பால் அதில் ஒட்டாது. சில வருடத்தில் கழன்று விழுவது இதனால்தான். பாலிமர் கலந்த டைல் பசை வாங்குங்கள், மூட்டையில் ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா பாருங்கள். 3 மி.மீ. கனத்தில் 20 கிலோ மூட்டை ஏறக்குறைய 50 சதுர அடிக்கு வரும்.

ஒட்டத் தொடங்கும் முன் ஒரு சோதனை பாக்கி. தரைத் துவாரத்தை அடைத்து, வாசலில் வரப்பு கட்டி, இரண்டு அங்குலம் தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் விடுங்கள். மறுநாள் தண்ணீர் மட்டத்தையும், கீழ் அறைக் கூரையையும், அடுத்த அறைச் சுவரின் அடிப்பகுதியையும் பார்த்த பிறகே பசை மூட்டையைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கட்டுமான மேற்பார்வையாளர்,
தருமபுரி.