டி டிரைவ் தனி டிஸ்க் இல்ல சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல பழைய லேப்டாப்புல விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ்ங்கற இலவச சிஸ்டத்தை போடறத பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். நல்ல விஷயம்தான். 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10 சப்போர்ட் முடிஞ்சு போச்சு, 11 போடலாம்னா டிபிஎம் 2.0-ங்கற பாதுகாப்பு சிப் இருக்கான்னு கேக்குது, நல்லா ஓடிட்டிருக்க மெஷினை தூக்கி பழைய இரும்புக்கு போட யாருக்கு மனசு வரும். ஆனா "பென்டிரைவ்ல பூட் பண்ணி நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு போனா அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்"னு ஒரு வரி எழுதியிருந்தீங்க பாருங்க, அதை படிச்சதும் எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு. கும்பகோணத்துல டிடிபி, ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், அந்த நெக்ஸ்ட்டை அமுக்கிட்டு முழிக்கிறவங்க கடைசில வந்து நிக்கிறது என் கடை வாசல்லதான்.

ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வந்தாரு. அவரே தைரியமா உக்காந்து டெபியன்ங்கற லினக்ஸை போட்டிருக்காரு, அழகா ஓடுது, ஆனா பொண்ணு கல்யாண போட்டோ ஒண்ணையும் காணோம். "தம்பி, சி டிரைவ்ல எதுவும் வைக்கலப்பா, எல்லாம் டி டிரைவ்லதான வச்சிருந்தேன், விண்டோஸ் இருக்கறது சி-தான, அதைத்தான அழிச்சேன்"னு பாவமா கேக்கறாரு. நம்ம ஊர்ல இது பாதி பேருக்கு இருக்கற நம்பிக்கை. லேப்டாப் வாங்கறப்பவே கடைக்காரர் ஒரே டிஸ்க்கை ரெண்டா பிரிச்சு சி, டின்னு பேர் வச்சு குடுத்துடுவாரு, விண்டோஸ் போச்சுன்னா சி-ய மட்டும் ஃபார்மேட் பண்ணுவாங்க, டி பத்திரமா இருக்கும், பத்து வருஷமா அப்படியே பழகிட்டோம். லினக்ஸ் இன்ஸ்டாலருக்கு சி-யும் தெரியாது டி-யும் தெரியாது. அதுக்கு தெரிஞ்சது ஒரு முழு டிஸ்க், பேரு எஸ்டிஏ, புது மெஷின்னா என்விஎம்இ-னு ஆரம்பிக்கும், அதுக்குள்ள பிரிச்ச ஒவ்வொரு துண்டுக்கும் 1, 2, 3-னு பார்ட்டிஷன் நம்பர். "முழு டிஸ்க்கையும் பயன்படுத்து"ன்னு வர்றத அமுக்கினா டி-யும் சேர்ந்துதான் போகும், அது ஏமாத்தல, சொன்னதைத்தான் செஞ்சுது.

அவரோடது பழைய சுத்தற ஹார்டு டிஸ்க், அதனால ஃபோட்டோரெக்னு ஒரு இலவச புரோகிராம் ராத்திரி பூரா ஓடவிட்டு கொஞ்சம் படம் மீட்டு குடுத்தேன், ஃபைல் பேரெல்லாம் போயி வெறும் நம்பரா வந்துச்சு, எது முகூர்த்தம் எது ரிசப்ஷன்னு அவரே உக்காந்து பிரிக்கணும். சுத்தாத புது வகை டிஸ்க்கான எஸ்எஸ்டியா இருந்திருந்தா கைய விரிச்சிருப்பேன், ஏன்னா புதுசா ஃபார்மேட் ஆகறப்பவே இந்த எடமெல்லாம் காலின்னு டிஸ்க்குக்கு தகவல் போயிடும், அப்புறம் அதுல தேட ஒண்ணும் இருக்காது.

இத்தனைக்கும் டெபியன் இன்ஸ்டாலர் அவ்வளவு அவசரக்காரன் இல்ல. பார்ட்டிஷன் ஸ்கிரீன்ல நீங்க என்ன மாத்தினாலும் கடைசியா "இந்த மாற்றங்களை டிஸ்க்கில் எழுதவா"ன்னு கேக்கும், இல்லைங்கறதுதான் முன்கூட்டியே செலக்ட் ஆகி நிக்கும், அதுக்கு ஆமான்னு சொல்ற வரைக்கும் டிஸ்க்கை தொடாது. ஒரே ஒரு எடத்துல மட்டும் ஜாக்கிரதை, ஏற்கனவே இருக்கற விண்டோஸ் பார்ட்டிஷனை அங்கயே சுருக்கணும்னா அதை உடனே செஞ்சுடும், திரும்ப பழையபடி ஆக்க முடியாது. அதனால நான் என்ன சொல்வேன்னா சுருக்கற வேலைய விண்டோஸ்லயே முடிச்சிட்டு வாங்க, டிஸ்க் மேனேஜ்மென்ட்ல ஷ்ரிங்க் வால்யூம்னு இருக்கு. அதுக்கு முன்னாடி ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை ஆஃப் பண்ணிடணும், இல்லைன்னா ஷட்டவுன் பண்ணியும் விண்டோஸ் முழுசா தூங்கியிருக்காது, பாதி தூக்கத்துல இருக்கற பார்ட்டிஷன்ல கை வைக்க லினக்ஸ் மாட்டேங்கும். விண்டோஸ் டிஸ்க்குக்கு போடற பூட்டான பிட்லாக்கர் போட்டிருந்தா அந்த 48 இலக்க ரெகவரி கீய பேப்பர்ல எழுதி வச்சுக்கங்க, லேப்டாப்புக்குள்ளயே சேவ் பண்ணாதீங்க, அப்படியும் ஒருத்தர் பண்ணிட்டு வந்தாரு. ஈஎஃப்ஐனு சின்னதா ஒரு பார்ட்டிஷன் இருக்கும், விண்டோஸும் வேணும்னா அதை ஃபார்மேட் பண்ணவே கூடாது, அது பூட் ஆகற வழியே அதுக்குள்ளதான் இருக்கு.

இன்னொரு குழப்பம், 500 ஜிபி டிஸ்க்கை விண்டோஸ் 465-னு காட்டும், லினக்ஸ் இன்ஸ்டாலர் 500-னு காட்டும், கணக்கு போடற முறைதான் வேற. இதைப் பாத்துட்டு இது நம்ம டிஸ்க்கே இல்ல போலன்னு நெனச்சு பக்கத்துல சொருகியிருந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கை தேர்ந்தெடுத்தவங்களும் உண்டு. பேக்கப் எடுத்த டிஸ்க்கை கழட்டி பீரோவுல வச்சுட்டு இன்ஸ்டால் பண்ண உக்காருங்க, வேற எதுவும் ஞாபகம் இல்லைன்னாலும் பரவால்ல. வாத்தியாருக்கு ரெண்டாவது தடவை நான் போட்டு குடுத்தப்ப சிஸ்டம் இருக்கற ரூட்டுக்கு 40 ஜிபி, மிச்சத்த நம்ம ஃபைல் இருக்கற ஹோமுக்குன்னு தனி பார்ட்டிஷனா பிரிச்சேன், "இதுதான் சார் இனிமே உங்க டி டிரைவ்"னு சொன்னேன், நாளைக்கு சிஸ்டத்தை மறுபடி போட்டாலும் ஹோமை ஃபார்மேட் பண்ணாம விட்டா படமெல்லாம் அப்படியே இருக்கும்.

அடுத்து கீபோர்டு. கட்டுரையில இதுக்கு ஒரு வரி கூட இல்ல சார். ஒரு காலேஜ் பொண்ணு, "நம்ம இங்கிலீஷ் பிரிட்டிஷ் இங்கிலீஷ்தானேண்ணா"ன்னு பிரிட்டிஷ் கீபோர்டை செலக்ட் பண்ணியிருக்கு. நம்ம ஊர்ல விக்கற கீபோர்டு எல்லாம் அமெரிக்கன் அமைப்பு. பிரிட்டிஷ்ல 2-க்கு மேல இருக்கற அட் (@) குறிய அடிச்சா டபுள் கோட்ஸ் விழும், பாஸ்வேர்டு அடிக்கறப்ப புள்ளி புள்ளியாத்தான தெரியும், அதுக்கு எப்படி தெரியும். ரெண்டு நாள் ஓடியிருக்கு, மெயில் ஐடி அடிக்கறப்பதான் தப்புன்னு தெரிஞ்சு சிஸ்டம் முழுக்க கீபோர்டை அமெரிக்கனுக்கு மாத்திடுச்சு, அடுத்த தடவை ஆன் பண்ணா பாஸ்வேர்டு தப்புங்குது. அழுதுகிட்டே வந்துச்சு. அட் குறி வர்ற எடத்துல டபுள் கோட்ஸ் போட்டுப் பாரும்மான்னேன், திறந்துடுச்சு. டிஸ்க்கையே பாஸ்வேர்டால பூட்டி என்கிரிப்ட் பண்ணியிருந்து இந்த சூட்சுமமும் தெரியலைன்னா முழு டிஸ்க்கும் போன மாதிரிதான். இன்ஸ்டால் பண்றப்ப கம்ப்யூட்டர் பேரு, யூசர் பேரு கேக்கற எடம் வரும்ல, அங்க அட், ஹேஷ் (#) ரெண்டையும் அடிச்சு பாத்துட்டு அழிச்சுடுங்க, பத்து செகண்டு வேலை.

ரூபாய் குறி வேணும்னா "இங்கிலீஷ், இந்தியா, ரூபாயோட"ன்னு ஒரு அமைப்பு இருக்கு, வலது பக்க ஆல்ட்டோட 4-ஐ அடிச்சா நம்ம உதயகுமார் வரைஞ்ச குறி வந்து விழும், பில் அடிக்கறவங்களுக்கு உதவும், மத்தபடி அமெரிக்கன் மாதிரியேதான்.

தமிழுக்கு வர்றேன். இன்ஸ்டாலர்லயே தமிழ் 99 மாதிரி பேரு இருக்கேன்னு ஆசையா செலக்ட் பண்ணாதீங்க. அங்க இருக்கறது ஒரு கீக்கு ஒரு எழுத்துங்கற கணக்கு மட்டும்தான். 1999-ல தமிழக அரசு அறிவிச்ச தமிழ் 99-ல ககரத்தை ரெண்டு தடவை அடிச்சா முதல் எழுத்துக்கு தானா புள்ளி விழும், "அம்மா"வுக்கு நாலே அடி, அந்த சாமர்த்தியம் இந்த அமைப்புக்கு கிடையாது, கல்யாண பத்திரிகை அடிக்கற எங்களுக்கு அது இல்லாம கை ஓடாது. முதல்ல இங்கிலீஷ்லயே இன்ஸ்டாலை முடிச்சிட்டு, அப்புறம் ஐபஸ் எம்17என் (ibus-m17n)-னு ஒரு பேக்கேஜ் போட்டீங்கன்னா தமிழ் 99, டைப்ரைட்டர், அம்மான்னு இங்கிலீஷ் எழுத்துல அடிக்கற ஃபொனெட்டிக் எல்லாமே வந்துடும். யூசர் பேரும் பாஸ்வேர்டும் மட்டும் இங்கிலீஷ் எழுத்துலயே இருக்கட்டும்.

அடுத்த வாரம் இரண்டாம் பாகம் வரும்னு போட்டிருக்கீங்க. அதுல பார்ட்டிஷன் ஸ்கிரீனை கால் பக்கத்துக்கு பெருசா போடுங்க சார், போன தடவை போட்ட படம் தபால்தலை சைஸ்ல இருந்துச்சு, வாத்தியார் பூதக்கண்ணாடி வச்சு பாத்தும் எழுத்து தெரியலைன்னாரு.

இப்படிக்கு,
டிடிபி கடைக்காரர்,
கும்பகோணம்.