மை தீர்ந்தால் ஸ்கேன் செய்ய மறுக்கும் பிரிண்டர் குறித்துப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: ஆல்-இன்-ஒன் இங்க்ஜெட் பிரிண்டரின் முடக்கம், முழுமையற்ற விளம்பரக் குறிப்புகள்

ஐயா / அம்மையீர்,

எங்கள் சிறிய அலுவலகத்துக்கு உங்கள் ஆல்-இன்-ஒன் பிரிண்டரை வாங்கினோம். நாங்கள் அச்சிடுவது குறைவு. பழைய கோப்புகளை ஸ்கேன் செய்து சேமிப்பதுதான் முக்கிய வேலை.

சென்ற வாரம் சியான் (வெளிர் நீல) மை தீர்ந்தது. அதிலிருந்து 'காட்ரிட்ஜை மாற்றவும்' என்ற செய்தி திரையை விட்டு நகரவே இல்லை. கறுப்பு மை நிறைய இருந்தும் கறுப்பில்கூட அச்சிட முடியவில்லை; ஸ்கேனும் செய்ய முடியவில்லை. சரி, மையைத் தெளிக்கும் அச்சுத் தலையைக் காப்பாற்ற என்று அதற்காவது ஒரு காரணம் சொல்வீர்கள். ஸ்கேன் செய்ய மை எதற்கு? கண்ணாடிக்கு அடியில் ஒரு விளக்கும் சென்சாரும் நகர்கின்றன, அவ்வளவுதானே! கஸ்டமர் கேரில் கேட்டால், "புது காட்ரிட்ஜ் போடுங்கள், சரியாகிவிடும்" என்கிறார்கள். சரியாகும்தான். ஆனால் நான் கேட்டது அதுவல்ல.

அடுத்தது, பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் 'ஆட்டோ டூப்ளெக்ஸ்', அதாவது தாளின் இருபுறத்தையும் தானாகவே கையாளும் வசதி. அது அச்சுக்கு மட்டும்தானாம். மேலே தாளை இழுக்கும் ஏடிஎஃப் ஒரு பக்கத்தை மட்டுமே படிக்கிறது. இருபுறமும் எழுதிய கட்டு ஒன்றை ஏற்றினால் முதலில் 1, 3, 5 என்று வருகிறது. கட்டைப் புரட்டி மறுபடி ஏற்றினால் மற்ற பக்கங்கள் கடைசியிலிருந்து தலைகீழ் வரிசையில் வருகின்றன. அப்புறம் கணினியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். நடுவில் ஒரு தாள் ஒட்டிக்கொண்டு போய்விட்டால் வரிசை மொத்தமும் குலைந்துவிடும்.

ஒரு காட்ரிட்ஜில் எத்தனை பக்கம் என்று நீங்கள் தரும் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐஎஸ்ஓ 24711 என்ற சர்வதேசத் தர முறைப்படி, தொடர்ந்து அச்சிட்டு அளந்த எண் அது. அவ்வப்போது அச்சிடுபவரின் மையில் ஒரு பங்கு அச்சுத் தலையைச் சுத்தம் செய்வதிலேயே கரைகிறது. பெட்டியோடு வரும் காட்ரிட்ஜில் மை குறைவு என்பதும் பொடி எழுத்தில்தான் இருக்கிறது.

மை இல்லாமலும் ஸ்கேன் செய்ய வழிசெய்யும் ஃபர்ம்வேர் (பிரிண்டருக்குள் இயங்கும் மென்பொருள்) அப்டேட்டை எந்தத் தேதிக்குள் தருவீர்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள். முடியாதென்றால் பிரிண்டரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத் தொகையையும் கொடுங்கள். டூப்ளெக்ஸ் அச்சுக்கா ஸ்கேனுக்கா என்பதையும் பெட்டியிலேயே தெளிவாகப் போடுங்கள்.

ரசீது நகலையும் திரையின் படத்தையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்