செயலாளர் ஆண்டறிக்கை: தங்கம் தியேட்டரும் நம் ஊர் ஆபரேட்டர்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் இந்த ஆண்டு தவறாமல் நடந்தன. மழைக்காலத்தில் மட்டும் கடலூர் மஞ்சக்குப்பத்தை விட்டுத் திருப்பாதிரிப்புலியூரில் உறுப்பினர் ஒருவர் வீட்டில் கூடினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பழைய தியேட்டர்களின் வரலாற்றைத் தொகுக்க எடுத்துக்கொண்ட வேலையைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மதுரை தங்கம் தியேட்டரில் தொடங்கினோம். 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’ படத்தோடு திறந்த அரங்கம் அது. 2,563 இருக்கைகள். சிவாஜி கணேசனின் முதல் படத்தை மதுரை ஜனங்கள் அந்தத் திரையில்தான் பார்த்தார்கள். ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று இன்றும் பெருமை பேசுகிறார்கள். ஆனால் அந்த இடத்தில் இப்போது இருப்பது ஜவுளிக்கடை. சென்னை அண்ணா சாலையில் 1913-ல் வார்விக் மேஜர் கட்டிய எலக்ட்ரிக் தியேட்டரோ சின்னக் கட்டடம். தபால் துறை கைக்குப் போனதால் பிழைத்து நிற்கிறது. எந்தக் கட்டடம் தப்பும், எது போகும் என்பது நம் கையில் இல்லை. உள்ளே வேலை பார்த்தவர்களின் பேச்சைப் பதிவு செய்வது நம் கையில்தான் இருக்கிறது.

அதனால்தான் கார்பன் விளக்குக் காலத்தில் தியேட்டரில் படம் ஓட்டிய ஆபரேட்டர் ஒருவரை அழைத்தோம். இந்த ஆண்டின் சிறந்த கூட்டம் அதுதான் என்பேன். இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே எரியும் வெளிச்சத்தில்தான் அப்போது படம் ஓடியது. குச்சி எரிய எரிய இடைவெளி கூடும். கவனித்துத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் திரை மங்கிவிடும், தரை டிக்கெட்டில் விசில் பறக்கும். ரீல் முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். உடனே அடுத்த மெஷினை ஓடவிட வேண்டும். இரண்டாவது புள்ளிக்கு வெளிச்சத்தை அதற்கு மாற்ற வேண்டும். இதைச் சொல்லும்போது அவர் கை தானாகவே கைப்பிடியைத் திருப்பியது. இத்தனை வருடம் படம் பார்த்த நம்மில் பலர் அந்தப் புள்ளியைக் கவனித்ததே இல்லை.

அப்புறம் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்கள். 2011 தானே புயலில் பலர் வீட்டில் நனைந்து வீணாகிவிட்டன. மிஞ்சியவற்றைப் படமெடுத்து வைக்கும் வேலை மெதுவாகத்தான் நகர்கிறது, அது எனக்கு வருத்தமே.

வரும் ஆண்டில் கடலூர் தியேட்டர்களில் வேலை பார்த்தவர்களைத் தேடிப் போக வேண்டும். ஆபரேட்டர்கள் மட்டும் போதாது. படப்பெட்டி கொண்டு வந்தவர்கள், டிக்கெட் கிழித்தவர்கள், இடைவேளையில் முறுக்கு விற்றவர்கள் எல்லோரும் வேண்டும். பலருக்கு எண்பது வயதாகிறது, தள்ளிப்போட முடியாது. முதுநகர்ப் பக்கம் யாரையாவது தெரிந்தவர்கள் இன்றே பெயர் கொடுங்கள். பதிவுக் கருவி ஒன்று வாங்கப் பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டும் என்று கேட்டு, இந்த அறிக்கையை முன்வைக்கிறேன்.

செயலாளர்